பழைய எஞ்சினும் புதிய எண்ணெயும்



என் தந்தையார் எனக்கு விட்டுச் சென்றவை இரண்டு. ஒன்று, அலமாரி நிறையப் புத்தகங்கள்; மற்றொன்று, 1966ஆம் ஆண்டில் அவர் வாங்கிய அம்பாசடர் கார். புத்தகங்களால் எனக்குத் துன்பம் ஏதும் நேர்ந்ததில்லை. காரால் நேர்ந்தது. அதற்குக் காரணம் காரன்று, நானே என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடைக் காலத்தில், அந்தக் காரின் எஞ்சினுக்கு எண்ணெய் மாற்ற வேண்டியிருந்தது. கடைக்குச் சென்றேன். வரிசையாகப் பல டப்பாக்கள் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் எண்களும் ஆங்கில எழுத்துகளும் அச்சிடப்பட்டிருந்தன. அவற்றுள் விலை மிகுந்ததும், மிகப் புதிய எழுத்துகளைத் தாங்கியதுமான ஒன்றைக் கேட்டு வாங்கினேன். அதன் மேல் 5டபிள்யூ-30 என்று எழுதியிருந்தது. அறிவியல் நாளுக்கு நாள் வளர்வதன்றோ? ஆகவே இறுதியாக வந்தது எதுவோ அதுவே சிறந்ததாக இருத்தல் வேண்டும் என்று எண்ணினேன். கல்லூரியில் வரலாறு கற்பிப்பவன் இப்படி எண்ணியது வெட்கத்துக்குரியதே.

இருபது நாட்கள் சென்றிருக்கும். நண்பகல் வெயிலில் ரயில்வே கேட் ஒன்றில் காத்து நின்றபோது, எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரியும் சிறிய சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. வண்டி ஓடத் தொடங்கியதும் அணைந்தது. நானும் அதை மறந்தேன். சில மாதங்களில் எஞ்சினின் மேற்புறத்திலிருந்து தையல் இயந்திரத்தின் ஓசை போன்ற தட்டொலி கேட்கலாயிற்று. பாளையங்கோட்டையில் என் தந்தையாரின் காலத்திலிருந்தே எங்கள் வண்டியைப் பார்த்து வரும் முதிய மெக்கானிக் ஒருவர் உண்டு. அவரிடம் கொண்டு சென்றேன். அவர் காது கொடுத்துக் கேட்டார். பின்பு எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி, அதன் நுனியிலிருந்த எண்ணெயை இரு விரல்களுக்கு இடையே தேய்த்துப் பார்த்தார்.

“தம்பி, ஐயாவோட நோட்டைப் பார்த்தீங்களா?” என்று கேட்டார்.

“பார்க்கலையே அண்ணாச்சி” என்றேன்.

அவர் வேறொன்றும் கூறவில்லை. அந்த நோட்டைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன். அன்று முதல், டப்பாவின் மேலிருந்த எண்களும் எழுத்துகளும் எங்கிருந்து வந்தன என்று தேடலானேன். கல்வெட்டில் அரசனின் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டிருப்பது போல, அந்த எழுத்துகள் ஒவ்வொன்றும் ஓர் ஆண்டைச் சுட்டுகின்றன என்பதை அறிந்தபோது வியப்புற்றேன். அவ்வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விழைகிறேன்.

மசகெண்ணெய் என்று சொல்கிறோம். மசகு என்பது நம் ஊர்களில் கட்டைவண்டியின் அச்சுக்கு இட்டு வந்த கரிய மை. வைக்கோலைக் கரித்து, விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கிற் குழாயில் அடைத்து, வண்டியின் அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். அச்சு கிறீச்சிட்டால் அதிலிருந்து எடுத்துப் பூசுவார்கள். வழவழப்பான ஒரு பொருளை இடையே வைத்தால் உராய்வு குறையும் என்பது உலகெங்கும் மக்கள் அறிந்திருந்த செய்திதான். ஆயினும் அது ஏன் குறைகிறது என்பதை நீராவி யுகம் வந்து நெடுங்காலம் ஆகும் வரையில் எவரும் தெளிவாக அறிந்திருக்கவில்லை.

அதைத் தெளிவாக்கிய சோதனை ஒரு தற்செயலில் பிறந்தது. இங்கிலாந்தில் போசாம்ப் டவர் என்னும் பொறியாளர், ரயில் வண்டியின் அச்சுத் தாங்கிகளைப் பற்றி இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக ஆராய்ந்து வந்தார். சுழலும் அச்சின் மேல் ஒரு பித்தளைத் தாங்கியை அமர்த்தி, அதன் மேல் பாரத்தை ஏற்றி, அச்சின் அடிப்பாகம் எண்ணெயில் நனையுமாறு வைத்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் ஒரு துளையிட்டார். அச்சு சுழன்றதும் அத்துளையின் வழியாக எண்ணெய் மேலே பொங்கி வழிந்தது! அதைத் தடுக்கத் தக்கையை வைத்து அடைத்தார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளையை அடித்து வைத்தார், அதுவும் வெளியேறிற்று. பின்னர் அங்கே அழுத்தமானி ஒன்றைப் பொருத்திப் பார்த்தபோது, ஏற்றிய பாரம் சதுர அங்குலத்துக்குச் சராசரியாக 100 பவுண்டாயிருக்க, எண்ணெயின் அழுத்தம் 200 பவுண்டையும் கடந்து நின்றது. இது 1883ஆம் ஆண்டில் வெளியான செய்தி.

இதன் பொருள் என்ன? அச்சு தாங்கியின் மேல் உட்காரவே இல்லை. சுழலும் அச்சு தன்னோடு எண்ணெயை இழுத்துச் சென்று, குறுகிய இடைவெளிக்குள் ஆப்புப் போலச் செருகுகிறது. அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல் பாரம் முழுவதும் மிதக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. மான்செஸ்டரில் பேராசிரியராயிருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதைக் கணிதமாக்கி 1886இல் வெளியிட்டார். உங்கள் இயற்பியல் பாடத்தில் ரெனால்ட்ஸ் எண் என்று படிக்கிறீர்களே, அவர்தாம். படலம் எவ்வளவு தடிமனாக நிற்கும் என்பது அச்சின் வேகம், பாரம், எண்ணெயின் பாகுநிலை ஆகிய மூன்றையும் பொறுத்தது என்று அவர் கணக்குக் காட்டியது. பாகுநிலை என்பது ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பு. தண்ணீருக்கு அது குறைவு, விளக்கெண்ணெய்க்கு மிகுதி.

அதே 1886ஆம் ஆண்டில்தான் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்ததைக் காலத்தின் குறும்பு எனலாம்.

அதற்குள் எண்ணெயும் மாறியிருந்தது. 1859இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டிரேக் என்பவர் நிலத்தைத் துளைத்துக் கண்டெடுத்த எண்ணெய், விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய்க்காகத் தேடப்பட்டது. அந்தக் கச்சா எண்ணெயை மருந்தாகப் பயன்படுத்தலாமா என்று ஆராய்ந்தவர் ஜான் எல்லிஸ் என்னும் மருத்துவர். மருந்துக்கு அது உதவவில்லை. ஆனால் நீராவி எஞ்சின்களின் சூட்டில் விலங்குக் கொழுப்புச் சிதைந்து வால்வுகளை அரித்துவந்த இடத்தில், இக்கனிம எண்ணெய் சிதையாமல் நின்றது. 1866இல் அவர் அதற்கென ஒரு நிறுவனத்தையே தொடங்கினார். நோயாளிக்கு ஆகாத மருந்து எஞ்சினுக்கு ஆயிற்று.

என்றாலும் விளக்கெண்ணெய் எளிதில் தோற்றுவிடவில்லை. முதல் உலகப் போரில் பறந்த விமானங்கள் பலவற்றில், எஞ்சினின் உருளைகள் யாவும் நடுத்தண்டைச் சுற்றித் தாமே சுழலும். அவ்வெஞ்சினில் பெட்ரோலும் மசகெண்ணெயும் ஒரே அறையில் கலக்க நேர்ந்ததால், கனிம எண்ணெய் பெட்ரோலில் கரைந்து வீணாகும். விளக்கெண்ணெய் அவ்வாறு கரைவதில்லை. எனவே ஆமணக்கு விதையின் எண்ணெயே போர் விமானத்தை வானில் நிறுத்தியது. உள்ளே சென்ற எண்ணெய் திரும்பி வருவதில்லை. புகையோடு வெளியே வீசப்பட்டு விமானியின் முகத்தில் படியும். நம் வீட்டுக் குழந்தைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த அதே விளக்கெண்ணெயை அவர் வானத்தில் சுவாசித்தார்! பந்தயக் கார்களிலும் அது பெருவழக்காயிருந்தது. காஸ்ட்ரால் என்னும் வணிகப் பெயரே, ஆமணக்குக்குரிய ஆங்கிலப் பெயரிலிருந்து 1909இல் தோன்றியதுதான். ஆனால் விளக்கெண்ணெய் சூட்டில் நின்று பழகினால் பிசினாக இறுகிவிடும். நாள்தோறும் ஓடும் குடும்பக் காருக்கு அது ஏற்றதன்று.

குடும்பக் கார் எனும்போது 1908இல் வந்த ஃபோர்டின் டி மாடல் நினைவுக்கு வருகிறது. அதில் எண்ணெயை ஏற்றும் பம்பும் கிடையாது. எண்ணெயை வடிகட்டும் கருவியும் கிடையாது. அடித்தொட்டியில் கிடக்கும் எண்ணெயைச் சுழலும் பாகங்கள் வாரி இறைக்கும், தெறித்தது போதும். அக்காலத்தில் எண்ணெய் வாங்கச் சென்றவர் ‘இலேசானது’, ‘நடுத்தரமானது’, ‘கனமானது’ என்று கேட்டு வாங்குவார். ஒரு வணிகரின் இலேசானது மற்றொருவரின் கனமானதாக இருக்கும். இக்குழப்பத்தைத் தீர்க்க முனைந்தது, அமெரிக்காவில் 1905இல் தோன்றிய மோட்டார்ப் பொறியாளர் சங்கம். எஸ்.ஏ.இ. என்று அதைச் சுருக்கி அழைப்பர். 1911இல் அது எண்ணெய்க்கான முதல் வரையறையை வெளியிட்டது. பின்னர் 20, 30, 40, 50 என்னும் எண்கள் நிலைபெற்றன.

இவ்வெண்களைப் பற்றி ஒரு தவறான கருத்து பரவியிருக்கிறது. 40 என்பது 40 டிகிரியும் அன்று; 40 அலகுப் பாகுநிலையும் அன்று. அது ஒரு வகுப்பின் பெயர், அவ்வளவே. நன்கு சூடேறி 100 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது, 30 என்னும் வகுப்பு எண்ணெயின் பாகுநிலை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரையிலும், 40இன் பாகுநிலை 12.5 முதல் 16.3 வரையிலும், 50இன் பாகுநிலை 16.3 முதல் 21.9 வரையிலும் இருத்தல் வேண்டும். தண்ணீரின் பாகுநிலை அறைவெப்பத்தில் ஏறக்குறைய 1 சென்டிஸ்டோக். இவ்வளவில் என் பிழையின் அளவு உங்களுக்கே விளங்கும். 50 இருக்க வேண்டிய இடத்தில் 30ஐ ஊற்றினேன். சூட்டில் அது பாதிக்குச் சற்றே மிகுதியான தடிமனுடன் நின்றது.

முன்னால் நிற்கும் 5டபிள்யூ, 20டபிள்யூ என்பவை எதைக் குறிக்கின்றன? டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. உறைபனியில் எஞ்சினைச் சுழற்றித் தொடங்க இயலுமா என்பதைக் கூறுவது அது. 20டபிள்யூ எண்ணெயைச் சோதிப்பது சுழிக்குக் கீழே 15 டிகிரியில். 5டபிள்யூவைச் சோதிப்பது சுழிக்குக் கீழே 30 டிகிரியில். பாளையங்கோட்டையில் மார்கழி விடியலில்கூடச் சால்வை ஒன்று போதும். ரஷ்யக் குளிருக்கென்று செய்த சிறப்பை நான் கூடுதல் விலை கொடுத்துத் தாமிரபரணிக் கரைக்குக் கொண்டு வந்தேன்!

குளிரில் இளகியும் சூட்டில் தடித்தும் நிற்கும் எண்ணெய் வேண்டுமென்பது நெடுநாள் ஆசை. எல்லா எண்ணெயும் சூட்டில் இளகத்தான் செய்யும். ஆனால் சில மிகுதியாக இளகும், சில குறைவாக. 1929இல் டீன், டேவிஸ் என்னும் இருவர் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தனர். குறைவாக இளகும் பென்சில்வேனிய எண்ணெய்க்கு 100 என்றும், மிகுதியாக இளகும் மெக்சிகோ வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0 என்றும் வைத்தனர். பின்னர் வேதியியலார் நீண்ட மூலக்கூறுகளை எண்ணெயில் கலக்கக் கற்றனர். இவை குளிரில் பந்தாகச் சுருண்டு கிடக்கும். சூட்டில் விரிந்து எண்ணெயைத் தடிக்கச் செய்யும். 20டபிள்யூ-50 போன்ற இரட்டை எண் எண்ணெய்கள் இவ்வாறே உருவாயின. இம்மூலக்கூறுகள் பற்சக்கரங்களுக்கு இடையே அகப்பட்டால் அறுபடும். அறுபட்டால் எண்ணெய் மெலியும். 1959இல் பிரிட்டனில் வந்த மினி காரில் கியர்ப் பெட்டியும் எஞ்சினும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொண்டதால் இவ்வுண்மை அங்கே கசப்பாக உணரப்பட்டது. 1960களில் டக்ஹாம்ஸ் நிறுவனத்தின் 20-50 எண்ணெய் அங்குப் புகழ்பெற்றதற்கு அந்தச் சிறிய காரும் ஒரு காரணம்.

இதுவரை கூறியது தடிமனின் வரலாறு. தூய்மையின் வரலாறு வேறு.

1920களின் கார்களில் ஊற்றியது வெறும் எண்ணெய். அதில் வேறெதுவும் கலந்திருக்கவில்லை. 1923இல்தான் எர்னஸ்ட் ஸ்வீட்லண்ட் என்பவர் வடிகட்டியைக் கொண்டு வந்தார். 1930களில் கேட்டர்பில்லர் நிறுவனத்தின் டீசல் இழுவை எஞ்சின்களில் ஒரு நோய் கண்டது. எரிபொருளின் கரி பிஸ்டன் வளையங்களின் பள்ளங்களில் படிந்து, வளையங்கள் அசைய முடியாமல் ஒட்டிக்கொண்டன. அதற்கு மருந்தாக, சோப்பைப் போல அழுக்கைப் பற்றி எண்ணெயிலேயே மிதக்க வைக்கும் பொருள்களைச் சேர்த்தனர். இன்று எண்ணெய் விரைவில் கறுத்துவிட்டதென்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. கறுத்தால் அது தன் கடமையைச் செய்கிறது என்றே பொருள். கரி எண்ணெயில் இல்லையென்றால் எஞ்சினில் அல்லவா இருக்கும்?

இதிலும் பழைய எஞ்சினுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. வடிகட்டியே இல்லாமல் பல பத்தாண்டுகள் வெறும் எண்ணெயில் ஓடிய வண்டியில், சேறு போன்ற கசடு அடித்தொட்டியில் உறைந்து கிடக்கும். திடீரென்று தூய்மை செய்யும் எண்ணெயை ஊற்றினால், அது பெயர்ந்து சென்று எண்ணெய் உறிஞ்சும் வாயை அடைத்துவிடலாம். அடித்தொட்டியைக் கழற்றிக் கழுவிய பின் ஊற்றினால் அச்சமில்லை.

இனி அந்த இரண்டெழுத்துகளுக்கு வருவோம். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் 1947இல் எண்ணெய்களைச் சாதாரணம், உயர்தரம், கடும் உழைப்பு என்று மூன்றாகப் பிரித்தது. 1970ஐ ஒட்டி அதை மாற்றி எழுத்து வரிசையாக்கியது. எஸ்.ஏ. என்பது கலப்பில்லாத வெறும் எண்ணெய். 1930க்கு முற்பட்ட எஞ்சின்களுக்குரியது. அதிலிருந்து படிப்படியாக ஏறி, 2001இல் எஸ்.எல்., 2004இல் எஸ்.எம்., 2010இல் எஸ்.என்., 2020இல் எஸ்.பி. என்று வளர்ந்தது. இங்கே தமிழில் எழுதுவோருக்கு ஒரு சங்கடம். ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்தைக் கொண்ட 1930களின் தரத்தையும், பதினாறாம் எழுத்தைக் கொண்ட 2020இன் தரத்தையும் நம் எழுத்தில் எஸ்.பி. என்றே எழுத வேண்டியிருக்கிறது. தொண்ணூறு ஆண்டு இடைவெளி ஒரே எழுத்தில் மறைந்துவிடுகிறது. டப்பாவில் ஆங்கில எழுத்தையே பார்த்து வாங்குங்கள்.

பிந்திய எழுத்து முந்தியவற்றின் பணி யாவற்றையும் செய்யும் என்பது கழகத்தாரின் கூற்று. பழைய கார் வைத்திருப்போர் பலர் இதை முழுதும் ஏற்பதில்லை. வழக்கின் மையத்தில் ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. துத்தநாகமும் பாஸ்பரசும் கந்தகமும் சேர்ந்த ஒரு சேர்மம் அது. 1940களின் தொடக்கத்தில் எண்ணெயில் சேர்க்கப்பட்டபோது அதற்கு இட்ட வேலை வேறு: எண்ணெய் கெடாமலும், செம்பும் ஈயமும் கலந்த தாங்கிகள் அரிக்கப்படாமலும் காப்பதே. 1950களில் ஆற்றல் மிகுந்த புதிய எஞ்சின்களில் கேம் தண்டும் டாப்பெட்டும் தேயத் தொடங்கியபோதுதான், இச்சேர்மம் தேய்மானத்தையும் தடுக்கிறது என்பது பெரிதும் உணரப்பட்டது.

அதன் வேலையைச் சிறிது விளக்க வேண்டும். சுழலும் அச்சு எண்ணெயில் மிதக்கிறது என்றேன். கேம் தண்டின் நிலை அதுவன்று. அதன் மேடு டாப்பெட்டின் தட்டையான முகத்தின் மேல் வழுக்கிக்கொண்டே வால்வைத் தள்ளுகிறது. தொடும் இடம் ஒரு கோட்டளவே. அழுத்தமோ மிகப் பெரிது. அங்கே படலம் ஏறக்குறைய பிதுங்கி வெளியேறிவிடும். உலோகம் உலோகத்தைத் தொடவிருக்கும் அந்த நொடியில், உராய்வின் சூட்டில் இச்சேர்மம் சிதைந்து கண்ணாடி போன்ற ஒரு பூச்சை உண்டாக்குகிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே. உலோகத்துக்கு மாறாக அப்பூச்சு தேய்கிறது. தேயத் தேய மீண்டும் உண்டாகிறது.

இத்தகைய காவலனை ஏன் குறைத்தார்கள்? அமெரிக்காவில் 1975 மாடல் கார்கள் முதலாகப் புகைக்குழாயில் வினையூக்கி மாற்றி என்னும் கருவி இடம்பெற்றது. நச்சுப்புகையை நச்சற்றதாக்குவது அதன் பணி. எஞ்சினில் சிறிது சிறிதாக எரிந்துபோகும் எண்ணெயிலுள்ள பாஸ்பரஸ் அதன் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்தது. எனவே 1990களின் தொடக்கத்தில் 0.12 சதவீதமாயிருந்த பாஸ்பரஸ் வரம்பு, 1996இல் 0.10 ஆகவும், 2004இல் 0.08 ஆகவும் இறங்கியது. நம் நாட்டிலும் 1995இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்கு அக்கருவி கட்டாயமாயிற்று. காற்றுக்கு இது நன்மை; அதில் ஐயமில்லை. புதிய எஞ்சின்கள் பலவற்றில் டாப்பெட் வழுக்குவதற்குப் பதிலாக உருளையின் மேல் உருள்வதால் அவற்றுக்குத் தீங்குமில்லை. வழுக்கும் டாப்பெட்டும் பாஸ்பரசுக்கு அஞ்சாத புகைக்குழாயும் கொண்ட பழைய கார்தான் இந்த ஏற்பாட்டில் கேட்பாரற்று நின்றது.

அம்பாசடர் அத்தகையது. 1957 முதல் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் உருவான அக்காருக்கு, மூலம் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. எங்கள் வண்டியிலுள்ள 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினும் பிரிட்டனில் வரைந்ததே. தட்டை முக டாப்பெட் எட்டு உண்டு.

மெக்கானிக் அண்ணாச்சி எஞ்சினைத் திறந்தார். கேம் தண்டின் எட்டு மேடுகளுள் இரண்டு மழுங்கியிருந்தன. “பாஸ்பரஸ் குறைந்த எண்ணெய்தான் காரணம்” என்று, புதிதாகப் படித்த ஊக்கத்தில் நான் அறிவித்தேன். அவர் சிரித்தார். “இது ஒரு வருஷத்துல தேஞ்சதா, இருபது வருஷத்துல தேஞ்சதான்னு யார் கண்டா தம்பி? விளக்கு எரிஞ்சதுக்கு மட்டும்தான் நான் சாட்சி சொல்லுவேன்” என்றார்.

எனக்கு வரலாறு கற்பித்த ஆசிரியர்கள்கூட இவ்வளவு சுருக்கமாகச் சான்றின் எல்லையை எனக்கு உணர்த்தியதில்லை. விளக்கு எரிந்ததன் காரணம் ஐயத்துக்கு இடமற்றது. பழைய எஞ்சினின் பேரிங் இடைவெளி ஓடி ஓடி அகன்றிருக்கும். இடைவெளி இருமடங்கானால் அதன் வழியே வழிந்தோடும் எண்ணெய் எட்டு மடங்காகும். ரெனால்ட்சின் கணக்கிலிருந்து வருவதே இதுவும். மெல்லிய எண்ணெய் இன்னும் எளிதாக வழியும். மெதுவாகச் சுற்றும் பம்பு அதற்கு ஈடுகொடுக்க இயலாமல் அழுத்தம் வீழ்ந்தது. அது என் பிழை. கேம் தேய்ந்ததற்கு அந்த எண்ணெய் ஒரு பங்கு காரணமாயிருக்கலாம். முழுக் காரணம் என்று சொல்ல என்னிடம் சான்றில்லை.

பின்பு என் தந்தையாரின் நோட்டைத் தேடி எடுத்தேன். காரின் முன்பெட்டியிலேயே கிடந்தது. 1966 முதல் ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றியதும், நாள், ஓடிய தூரம், எண்ணெயின் எண், ஊற்றிய அளவு ஆகியவற்றை நீல மையில் எழுதி வைத்திருந்தார். தொடக்க ஆண்டுகளில் 40 என்னும் ஒற்றை எண். பிறகு 20-50. ஓரிடத்தில் 10-30 என்று எழுதி, அடுத்த மாதமே அதை மாற்றி, பக்கத்தில் ‘விளக்கு’ என்று ஒரே சொல் எழுதியிருந்தது! நான் செய்த அதே பிழையை முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே அவர் செய்து, பதிவும் செய்து வைத்திருக்கிறார். ஆவணக் காப்பகங்களுக்கெல்லாம் ரயிலேறிப் போன நான், என் காரின் முன்பெட்டியைத் திறக்கவில்லை.

புதிய கேம் தண்டும் டாப்பெட்டுகளும் பொருத்தப்பட்டன. இம்முறை எந்த எண்ணெய் என்பதை நாங்கள் இருவரும் அமர்ந்து பேசி முடிவு செய்தோம். தடிமனுக்கு நோட்டு சான்று: 20டபிள்யூ-50. பாஸ்பரசுக்கு வேறொரு செய்தி துணை நின்றது. கழகத்தின் மேல்வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய வகுப்புகளுக்கே விதிக்கப்பட்டது. 20டபிள்யூ-50க்கு அவ்வரம்பு இல்லை. இருப்பினும் வரம்பு இல்லை என்பதால் மிகுதியாக இருக்கிறது என்று பொருளாகாது. எனவே தயாரிப்பாளர் வெளியிடும் விவரத் தாளைப் பார்த்து, பாஸ்பரஸ் 0.10 சதவீதத்துக்குக் குறையாத ஒன்றைத் தேர்ந்தோம். லாரிக்குரிய டீசல் எண்ணெயை ஊற்றும் வழக்கமும் பட்டறைகளில் உண்டு; பாஸ்பரஸ் அதில் மிகுதி என்பதே காரணம். ஆனால் 2006 முதல் அதன் புதிய தரத்துக்கும் 0.12 என்று வரம்பு வந்துவிட்டதை அண்ணாச்சி அறிந்திருக்கவில்லை. அந்த ஒரு செய்தியையேனும் நான் அவருக்குச் சொல்ல முடிந்தது. தனியே குப்பியில் விற்கும் துத்தநாகக் கலவையையும் சேர்க்கலாமா என்று கேட்டேன். சமையற்காரர் அளந்து போட்ட உப்பின் மேல் நீங்கள் ஒரு கை உப்புப் போடுவீர்களா என்று திருப்பிக் கேட்டார். விட்டுவிட்டேன்.

அழுத்தமானியைப் பொருத்தி எஞ்சினை ஓடவிட்டோம். சூடேறிய பின்னும் முள் நடுவிலேயே நின்றது. வண்டி குறைவாக ஓடினாலும், உள்ளே நீரும் அமிலமும் சேரும் என்பதால் ஆண்டுக்கொரு முறை எண்ணெயை மாற்றிவிடச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து, தந்தையார் கடைசியாக எழுதிய வரியின் கீழ், நாள், தூரம், எண், அளவு ஆகியவற்றை எழுதினேன். நடுவே விடுபட்டிருந்த அந்த 5டபிள்யூ-30ஐயும் அதன் தேதியோடு சேர்த்தேன். அதன் பக்கத்தில் நானும் ‘விளக்கு’ என்று எழுதி வைத்தேன்.